முதலில் அமோனியா: சொல்வே செயன்முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். உப்பிலிருந்து அமோனியாவின் உதவியுடன் சோடியம் காபனேற்றைப் பெறும் சொல்வே செயன்முறைப் பாடம் முடிந்து விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம், நான் மாணவனாக இருந்த காலத்துத் தவறுகளே வேறு கையெழுத்தில் திரும்பி வருகின்றன. சமன்படுத்தாத சமன்பாடுகளைப் பற்றி இங்கு எழுதவில்லை. மறுமுறை வாசித்தால் அவை தாமே அகப்படும்.

வாயுக்களின் வரிசையை மாற்றுதல்

நிரம்பிய உப்புக்கரைசலினுள் முதலில் காபனீரொட்சைட்டைச் செலுத்தி, பின்னர் அமோனியாவைச் சேர்ப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். "எது முதலில் போனாலும் கடைசியில் எல்லாம் ஒன்றாகத்தானே சேருது, சேர்?" என்று சென்ற தவணை ஒரு மாணவி கேட்டாள். ஆசிரியராகிய முதலாண்டில் நானும் அப்படித்தான் நினைத்தேன். சலவைக்கல்லில் அமிலம் பட்டுக் காபனீரொட்சைட்டு உண்டாகும் கிப்பின் உபகரணத்திலிருந்து இரண்டு பாடவேளை முழுவதும் உப்புக்கரைசலினுள் அவ்வாயுவைச் செலுத்தினேன். குமிழிகள் எழுந்து உடைந்தனவேயன்றிக் கரைசல் சற்றும் கலங்கவில்லை. அந்தத் தவணைக்கென வைத்திருந்த சலவைக்கல்லும் அமிலமும் அன்றே தீர்ந்துவிட்டன.

அடுத்த தவணை, செறிந்த அமோனியாக் கரைசலில் உப்பை நிரம்பும்வரை கரைத்து, முகவையைப் பனிக்கட்டி நீரில் இருத்தி, அதே வாயுவைச் செலுத்தினேன். நெடுநேரம் எதுவும் தெரியவில்லை. பின்னர் குழாயின் நுனியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல ஒரு வெண்மை படர்ந்து, மெல்லிய தூளாக அடியில் இறங்கியது.

காபனீரொட்சைட்டு உப்புநீரில் சிறிதளவே கரைவதால், இருகாபனேற்று அயன்கள் வீழ்படிவு உண்டாகும் அளவுக்குச் சேர்வதில்லை. மூலமான அமோனியா முன்கூட்டியே கரைந்திருந்தால், அது காபோனிக் அமிலத்தின் புரோத்தனை ஏற்று அந்த அயனின் செறிவை வெகுவாக உயர்த்துகிறது. அப்போது கரைசலில் உருவாகக்கூடிய நான்கு உப்புகளில் கரைதிறன் மிகக் குறைந்ததே முதலில் வெளியேறும்: 20 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 36 கிராம் கரைய, சோடியம் இருகாபனேற்று 10 கிராமுக்கும் குறைவாகவே கரைகிறது. வெப்பநிலை தாழத் தாழ இது இன்னும் குறையும் என்பதால், தொழிற்சாலையில் இத்தாக்கம் நிகழும் கோபுரத்தின் கீழ்ப்பகுதியைக் குளிர்விக்கிறார்கள். இவ்வளவையும் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

வீழ்படிவையே சோடியம் காபனேற்று என்றெழுதுதல்

கோபுரத்தில் கிடைப்பது சோடியம் இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடா. அதை வடித்து வெப்பமேற்றிய பின்னரே சோடியம் காபனேற்று கிடைக்கும். வெளியேறும் காபனீரொட்சைட்டு மீண்டும் கோபுரத்துக்கே போகும்.

உப்பைத் தூய்மையாக்க மறத்தல்

புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ விளையும் கடலுப்பில் மகனீசியமும் கல்சியமும் உண்டு. அவற்றை முன்பே அகற்றாவிட்டால் கோபுரத்தினுள் படிந்து குழாய்களை அடைத்துவிடும்.

டொலமைட்டைச் சுண்ணாம்புக்கல் என்றெண்ணுதல்

காபனீரொட்சைட்டைப் பெறச் சுடும் சுண்ணாம்புக்கல் வேறு, தேயிலை மலையில் தூவும் டொலமைட்டு வேறு. அதில் மகனீசியமும் உண்டு.

பொட்டாசியம் காபனேற்றுக்கும் இதே முறை என்றெழுதுதல்

பொட்டாசியம் இருகாபனேற்று நன்றாகக் கரையும், வீழ்படியாது.

அமோனியாவை மூலப்பொருளாகக் கணக்கிடுதல்

செலவாகும் மூலப்பொருள்கள் உப்பும் சுண்ணாம்புக்கல்லுமே. வடிதிரவத்திலுள்ள அமோனியம் குளோரைட்டை நீறிய சுண்ணாம்புடன் சூடாக்கினால் அமோனியா மீண்டுவரும். கசிந்து குறைவதை மட்டும் ஈடுசெய்தால் போதும். 1861இல் எர்னஸ்ட் சொல்வே காப்புரிமை பெறுவதற்கு முன்பே, உப்பும் அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேரும் தாக்கம் அறியப்பட்டிருந்தது. ஆயினும் விலையுயர்ந்த அமோனியாவை இழக்காமல் கோபுரத்தைத் தொடர்ந்து இயக்க அவருக்கு முடிந்ததனால்தான், சோடியம் காபனேற்றைச் செய்ய 1791இல் காப்புரிமை பெற்ற லெபிளாங்கின் பழைய முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.