சாமான் நிறையப் போட்ட பழைய மீன்பிடிப் போட்டை விக்கேக்க

போட்டை விக்கிறதெண்டு முடிவெடுத்திட்டா ஒண்டை முதல்ல மனசில வையுங்கோ, நீங்க அதுக்குள்ள போட்ட காசை ஆரும் திருப்பித் தரப்போறேல்ல. என்ர பைபர் போட்டை விக்க வெளிக்கிட்ட நேரம் நான் கொப்பியில கணக்கு எழுதினனான், போட் இவ்வளவு, இருபத்தஞ்சு குதிரைவலு இஞ்சின் இவ்வளவு, ஜிபிஎஸ், மீன் பாக்கிற மெசின், பற்றறி, லைப் ஜக்கெற், நங்கூரம், கயிறு, வலை எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதிக் கூட்டி அந்தத் தொகையையே கேட்டன். முதல் பாக்க வந்த அண்ணை சண்டையும் பிடிக்கேல்ல பேரமும் பேசேல்ல, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போட்டார், பிறகு ஒரு கோல் கூட இல்லை.

அவர் வந்தது போட்டும் இஞ்சினும் பாக்க. மிச்சம் எல்லாம் அவருக்கு கூட வாற சாமான்தான். அதால கையில ஒரு பேப்பரை எடுத்து ரெண்டாப் பிரியுங்கோ. நங்கூரம், கயிறு, எண்ணைக் கான், துடுப்பு, லைப் ஜக்கெற் இதுகளை போட்டோடயே விடுங்கோ, இல்லாட்டி போட் வெறுமையாத் தெரியும், நாளைக்கே தொழிலுக்கு இறக்கலாம் எண்ட எண்ணம் வாங்க வாறவைக்கு வராது. ஜிபிஎஸ், மீன் பாக்கிற மெசின், மேலதிக பற்றறி இதுகளைக் கழட்டி தனிய வித்தா கூடக் காசு வரும். வலையைப் பற்றி கேக்கவே வேண்டாம், நண்டுத் தொழில் செய்யிறவனுக்கு உங்கட சூடை மீன் வலையால என்ன பிரயோசனம், சும்மா குடுத்தாலும் வைக்க இடமில்லை எண்டுவான். ஒற்றை இழைத் தங்கூசி வலை கிடந்தா அதை விக்கிற கதையே எடுக்காதேங்கோ, அது தடை செய்த வலை, படத்தில விழுந்தாலும் தலையிடி.

எப்ப விக்கிறது எண்டது எங்கட பக்கத்தில பெரிய விசயம். முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் பக்கம் கார்த்திகை மார்கழியில கடல் கொந்தளிக்கும், தொழிலுக்கு வாறவை தங்கிற வாடியளும் வெறுமையாக் கிடக்கும், அந்த நேரம் போட் விக்கிறன் எண்டு சொன்னா இவனுக்கு ஏதோ அவசரக் காசு தேவை எண்டுதான் நினைப்பினம், விலையும் அப்பிடித்தான் கேப்பினம். மாசி கடைசி, பங்குனி தொடக்கம்தான் சரியான நேரம், சீசனுக்கு வெளியிடத்தில இருந்தும் ஆக்கள் வந்து இறங்கத் தொடங்கிற காலம். ஆனா ஒரு வழி கிடக்கு, மேற்குக் கரையில நாச்சிக்குடா, இரணைமாதாநகர், விடத்தல்தீவுப் பக்கம் காலம் மாறித்தான் வரும், அவைக்கு சோளகக் காத்துக் காலம்தான் கஸ்டம், எங்களுக்கு வாடைக் காத்துக் காலத்தில கடல் மூடிக் கிடக்கேக்க அவை தொழிலுக்குப் போவினம். அதால புரட்டாசி ஐப்பசியில விக்கோணும் எண்டா அங்கால ஆக்களுக்கு சொல்லுங்கோ, லொறிக்கூலி ஆர் குடுக்கிறது எண்டதை மட்டும் முதலே கதைச்சு வையுங்கோ.

பெயின்ற் அடிக்க வேண்டாம். உண்மையா சொல்லுறன், புதுப் பெயின்ற் அடிச்ச பழைய போட்டைப் பாத்தா வாங்கிறவனுக்கு முதல் வாற யோசினை இதுக்குள்ள என்னத்தை மறைச்சிருக்கிறான் எண்டதுதான். வடிவாக் கழுவி, பாசியும் சிப்பியும் சுரண்டி, கவுட்டு வெயிலில காய விட்டாப் போதும். பிறகு நீங்களே ஒரு நாணயத்தால அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல இடத்தில டக் டக் எண்டு கேக்கும், உள்ளுக்க விட்டுப்போன இடத்தில சத்தம் செத்துப்போய்க் கேக்கும். முக்கியமா இஞ்சின் பூட்டுற பின்பலகை, அதுக்குள்ள பலகை வைச்சுத்தான் பைபர் சுத்தியிருப்பினம், ஆணி ஓட்டையால தண்ணி போனா உள்ளுக்க பலகை உக்கிப்போகும், வெளியில ஒண்டும் தெரியாது. என்ர போட்டில வலப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு அப்பிடி இருந்தது. பைபர் ஒட்டிற ஆளைக் கூப்பிட்டு வெட்டி எடுத்துத் திருத்தினன், திருத்தேக்க ஒவ்வொரு கட்டமும் போனில படம் எடுத்தன், பிறகு வந்தவைக்கு அந்தப் படத்தைத்தான் முதல்ல காட்டினது. மறைச்சிருந்தா அங்கதான் பேரம் தொடங்கியிருக்கும்.

இஞ்சினுக்கு வாங்கோ. கியர் ஒயிலைக் கழட்டிப் பாருங்கோ, பால் மாதிரி வெளிறி இருந்தா சீலால தண்ணி போகுது, அதை மாத்தாமல் ஆளைக் கூப்பிடாதேங்கோ. ஓடேக்க பின்னால தண்ணி பீச்சிற ஓட்டை அடைச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. ஆள் வர முன்னம் இஞ்சினை ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு, விசயம் தெரிஞ்ச ஆள் வந்தவுடன மூடியில கைதான் வைப்பான், சூடெண்டா கதை முடிஞ்சுது. ஆறின இஞ்சினை அவரையே இழுக்க விடுங்கோ. பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணைக்கு மாத்தி ஓடிக் காட்டுங்கோ, நிப்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி காபரேற்றரைக் கழுவிற ஆள் நீங்க எண்டதையும் அவர் பாக்கட்டும். எவ்வளவு எண்ணை குடிக்கும் எண்டு கட்டாயம் கேப்பார், ஏனெண்டா 2022 ஆவணியில மண்ணெண்ணை 87 ரூபாயில இருந்து 340 க்கு ஒரே பாய்ச்சலாப் போனதை இங்க ஒருத்தரும் மறக்கேல்ல, எத்தினை போட் அப்ப கரையில ஏறினது. பொய் சொல்லாதேங்கோ, ரெண்டாம் நாளே கடலில தெரிஞ்சிடும்.

ஜிபிஎஸ்ஸை போட்டோட குடுக்கிறதெண்டா அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு பாருங்கோ. கடலுக்கடியில கிடக்கிற கல்லுகள், பாருகள், எந்த மாசம் எங்க என்ன மீன் எண்டு நீங்க வருசக்கணக்கா குத்தி வைச்ச இடமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. நான் இரவு திண்ணையில இருந்து ஒவ்வொண்டா எழுதி எடுத்திட்டு அழிச்சன், அப்பா துடுப்புக் காலத்தில கரையில நிண்ட பனையையும் கோயிலையும் பாத்து அடையாளம் வைச்ச ஒரு கல்லும் அதுக்குள்ள இருந்தது. வாங்கினவர் வந்து சிரிச்சுக்கொண்டு கேட்டார், தம்பி இடமெல்லாம் இருக்கோ எண்டு. அண்ணை, அதுக்கு வேற விலை எண்டன், கடைசியில மூண்டு இடம் மட்டும் போட்டுக் குடுத்தன். அப்பான்ர கல்லு அதில இல்லை.

படம் எடுக்கேக்க முன்பக்க அணியத்தில இருந்து ஒண்டு, பின்பலகை ஒண்டு, அடிப்பக்கம் ஒண்டு, மூடி கழட்டின இஞ்சின் ஒண்டு, காணும். இக்மன் விளம்பர இணையத்திலயும் பேஸ்புக்கிலயும் போடலாம், ஆனா எங்கட பக்கம் மீன் ஏத்திற கூலர் வண்டி வாற இடத்திலயும் மீனவர் சங்கத்திலயும் ஒரு சொல் சொல்லிவிட்டா அதைவிடக் கெதியாப் போகும்.

பேப்பர் வேலையில சோம்பல் படாதேங்கோ. சுனாமிக்குப் பிறகும், 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வந்து குடியேறேக்கயும் நிறுவனங்கள் குடுத்த போட்டுகளில சிலது ரெண்டு மூண்டு பேருக்குப் பொதுவாக் குடுத்தது, உங்கடயும் அப்பிடியெண்டா மற்ற ஆளின்ர கையெழுத்து இல்லாமல் விலை பேச வேண்டாம். சங்கத்தில கடன் இருந்தா முதல்ல கட்டி முடியுங்கோ. இஞ்சின் நம்பர் பில்லில இருக்கிற நம்பரோட சரியோ எண்டு பாருங்கோ. காசு வாங்கினவுடன வாங்கினவரையும் கூட்டிக்கொண்டு கடற்றொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் பேர் மாத்திறதைச் செய்யுங்கோ, பிறகு பாப்பம் எண்டு விட்டா அவன் எங்கயோ போய் ஏதோ பிரச்சினையில மாட்டேக்க போட் நம்பரைப் பாத்து உங்கட வீட்டுப் படலையிலதான் வந்து தட்டுவினம். அதுவரைக்கும் இஞ்சின் உங்கட வீட்டிலயே கிடக்கட்டும், போட்டை வேணுமெண்டா அவர் ஏத்திக்கொண்டு போகட்டும்.