டயாலிசிஸ் பிரிவில் புதிய நடைமுறை: செவிலியர்களிடம் கொண்டுசெல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயாலிசிஸ் பிரிவில் ஒரு நடைமுறையை மாற்ற விரும்பும் நிர்வாகம், சுற்றறிக்கை அனுப்பி, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்து, பதிவேட்டில் செவிலியர்களின் கையெழுத்தையும் வாங்கியதும் மாற்றம் நடந்துவிட்டதாக நம்பிவிடுகிறது. நோயாளியின் இரத்தநாளத்தில் பொருத்தப்பட்ட குழாயான கதீட்டரை இயந்திரத்துடன் இணைக்கும் முன் அதன் முனைகளைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலால் தேய்த்து, உலரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்படாமல் காக்கும் இந்த விதியில் மருத்துவரீதியாகக் குறை காண ஏதுமில்லை; குறை அதைக் கொண்டுவரும் விதத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, ஷிஃப்ட் மாறும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாதது. ஏறத்தாழ 4 மணி நேரச் சிகிச்சை முடிந்ததும், இரத்தத்தை உடலுக்குத் திருப்பிச் செலுத்துவது, ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிப்பது, எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பது, இயந்திரத்தைக் கிருமிநீக்கம் செய்வது, அடுத்த நோயாளிக்குக் குழாய்களைத் தயார் செய்வது என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. அந்த நெருக்கடியில், வேறு எந்த வேலையையும் குறைக்காமல் ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடங்களைக் கூட்டினால், விடுபடப்போவது புதிய விதிதான். ஆகவே விதியை எழுதுபவர் அந்த நேரத்தில் பிரிவிலேயே நின்று பார்க்க வேண்டும். முனைகளைத் தேய்க்கும் துடைப்பான்கள் பூட்டிய அலமாரியில், இன்சார்ஜ் சிஸ்டரின் சாவிக்குக் காத்துக் கிடக்கின்றனவா, இணைப்புக்கான பொருட்களோடு தட்டிலேயே இருக்கின்றனவா என்பதைக்கூட அப்போதுதான் அறிய முடியும்.

இதைவிடப் பெரிய தவறு, கேள்வியை எதிர்ப்பாக எண்ணுவது. “முனை உலரும்வரை நான் இங்கே நிற்கும்போது, பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இறங்கினால் யார் பார்ப்பது?” என்று ஒரு செவிலியர் கேட்டால், திட்டத்தில் உள்ள ஓட்டையை அவர் சுட்டிக்காட்டுகிறார் என்றே பொருள். நோயாளிகளைச் சற்று இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராக இணைக்கலாம், இணைக்கும்போது மற்றொருவர் கண்காணிக்கலாம் என்பன போன்ற தீர்வுகள் இத்தகைய கேள்விகளிலிருந்தே பிறக்கின்றன. அவரை ஒத்துழைக்காதவர் என்று முத்திரை குத்தினால், அடுத்த கூட்டத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டெக்னீஷியன்களை விட்டுவிடுவதும் தவறு. நம் நாட்டில் பல இடங்களில் இணைப்பைச் செய்பவர்கள் அவர்களே என்பதால், செவிலியர்களுக்கு மட்டும் தந்த பயிற்சி பாதிப் பயிற்சியே.

தொற்று ஏற்பட்டதும் அன்று பணியில் இருந்தவரைத் தேடிப்பிடித்து விளக்கம் கேட்கும் பழக்கம் மிகவும் கெடுதலானது. அதற்குப் பின் பதிவேட்டில் உண்மை ஏறாது. மேலும், சிறிய பிரிவில் ஒரு மாதம் தொற்றே இல்லாததை வெற்றி என்றோ, ஒரே ஒரு தொற்றைத் தோல்வி என்றோ சொல்ல இயலாது. 100 நோயாளி-மாதங்களுக்கு (ஒரு நோயாளி ஒரு மாதம் சிகிச்சை பெறுவது ஒரு நோயாளி-மாதம்) எத்தனை தொற்றுகள் என்று தொடர்ந்து கணக்கிட்டு, அந்த எண்ணைப் பணியாளர்கள் அனைவரும் காணும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

மாற்றத்தை மூன்று கட்டங்களாக விளக்கிய உளவியலாளர் கர்ட் லெவின், புதிய நிலையை உறைய வைப்பதை, அதாவது நிலைபெறச் செய்வதை, இறுதிக் கட்டமாக 1947இல் குறிப்பிட்டார். அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவது அதுவே. பயிற்சி பெற்ற செவிலியர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டு, புதியவர் இரவுப்பணியில் தனியே நிற்கும் நிலை வரும் முன்பே, அனுபவமுள்ள ஒருவரின் முன்னிலையில் அவர் கதீட்டரை இணைத்துக் காட்டுவதை அறிமுகப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்கிவிட வேண்டும்.