பெரிய பைக்கைத் தூரப் பயணத்துக்கு மாற்றுவது: பெட்டிக்கு முதல் சீட்டைப் பாருங்கள்

கொழும்பில் ஒருவரின் கைக்கு 400 சிசியோ 650 சிசியோ வந்துவிட்டால் அடுத்த கிழமையே சாமான் பெட்டி, எக்ஸ்ட்ரா லைட், சத்தம் போடும் சைலன்சர் மூன்றும் ஏறிவிடும். மூன்றுக்கும் நல்ல காசு போகும், ஆனால் வவுனியா தாண்டியபின் ஒன்றுகூட உங்கள் முதுகைக் காப்பாற்றாது. சைலன்சர் சத்தம் களைப்பைக் கூட்டத்தான் செய்யும். பொலிஸ் மறிப்பது தனிக் கதை.

நம் நாட்டுப் பயணம் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் புத்தளம் றோட்டாலோ குருநாகல் றோட்டாலோ கிட்டத்தட்ட 400 கிலோமீற்றரையும் பஸ், லொறி, ஓட்டோ, மாடு எல்லாவற்றுக்கும் நடுவில்தான் ஓட வேண்டும். அதனால் வெளிநாட்டு வீடியோவில் 130இல் ஓடுகிறவர் காற்றைப் பற்றிச் சொல்வதை அப்படியே இங்கே எடுக்கத் தேவையில்லை. நமக்கு முதல் எதிரி வெயில், பள்ளம், ஓயாத பிரேக், உடம்புக்குப் பொருந்தாத இருப்பு. காற்றெல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றும் வாங்காமல், இருக்கிறபடியே பைக்கை எடுத்துக்கொண்டு விடிய வெளிக்கிட்டுப் புத்தளம் வரை போய் வாருங்கள். எந்த ஊரில் எது நோகத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். உள்ளங்கை விறைத்தால் உடம்பின் பாரம் கையில் விழுகிறது, அதாவது ஹாண்டில் தூரமாக அல்லது தாழ்வாக இருக்கிறது, இல்லாவிட்டால் சீட் முன்பக்கம் சரிந்து உங்களை டேங்கை நோக்கித் தள்ளுகிறது. முழங்கால் நொந்தால் ஃபுட்ரெஸ்ட் கிட்ட இருக்கிறது. உட்காரும் எலும்பு நொந்தால் சீட்டுக்குள் இருக்கும் ஃபோம் போய்விட்டது. இந்தக் குறிப்பு இல்லாமல் காசு செலவழிக்காதீர்கள்.

சரி, சீட். கொழும்பில் குஷன் வேலை செய்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை, பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் கேட்டாலே காட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் ஓட்டோ சீட்டும் வேன் சீட்டும் தைத்துப் பழகியவர்கள், "சொஃப்டாகப் போட்டுத் தரட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மெத்தை மாதிரி இருக்கும் ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்க நன்றாக இருக்கும், நீர்கொழும்பு தாண்டும்போதே அமுங்கி அடித்தகட்டில் இருக்க வைத்துவிடும். கட்டியான ஃபோம் அடியில், அதற்கு மேல் மெல்லிய மிருதுவான படை ஒன்று, அவ்வளவுதான் வேண்டும். இருக்கிற இடத்தை மட்டமாக்கி, பின்பக்கத்தை அகலமாக்கி, முன்பக்கத்தை ஒடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒடுங்கினால்தான் சிக்னலில் கால் நிலத்தில் படும். தையல் நீங்கள் இருக்கும் இடத்துக்கு நடுவில் வரக்கூடாது, அது குத்தும், மழையில் அந்த ஓட்டைகளால் தண்ணீர் உள்ளே போய் இரண்டு நாளைக்கு ஊறிக் கிடக்கும். றெக்சினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். மிக முக்கியம்: உறை தைப்பதற்கு முதல் வெறும் ஃபோமில் பழைய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வெயிலுக்கு, காற்றுப் போகிற வலை உறை ஒன்றை மேலே போட்டால் கறுப்பு றெக்சினின் சூடு குறையும்.

அப்புறம் ஹாண்டில். 20, 30 மில்லிமீற்றர் உயர்த்தும் ரைசரே பலருக்குப் போதும். பூட்டியபின் ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது, கிளச் கேபிள் இறுகக்கூடாது, எஞ்சின் சும்மா ஓடும்போது திருப்பினால் வேகம் கூடக்கூடாது. கூடினால் அக்சிலேட்டர் கேபிள் கட்டை, அப்படியே ஓடினால் யூ டேர்ன் அடிக்கும்போது பைக் தானாகப் பாயும். ஃபுட்ரெஸ்டைக் கீழே இறக்கினால் பிரேக் பெடலையும் கியர் லீவரையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். வளைவில் சாயும் இடைவெளியும் குறையும் என்பதால் ஹற்றன் மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

சொக்கை, அதாவது பள்ளத்தின் அடியை வாங்கும் ஷொக் அப்சோர்பரை, யாரும் தொடுவதில்லை, எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம் இது. காசே இல்லாமல் கிடைக்கும் சொகுசு. பின் சில்லு தொங்கும்படி பைக்கை நிறுத்தி, அக்சிலில் இருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்து குறியுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், சாமான் எல்லாவற்றோடும் ஏறியிருந்து, இன்னொருவரை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். பின் சில்லு மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தால் நல்லது. மொத்தம் 120 மில்லிமீற்றர் என்றால் 35 முதல் 40 வரை. அதிகம் இறங்கினால் சொக்கின் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தை இறுக்குங்கள், குறைவாக இறங்கினால் தளர்த்துங்கள். ப்ரீலோட் இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, பைக்கின் உயரம்தான் மாறும். கடைசி வரை இறுக்கியும் இறங்குகிறது என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பாவித்த பைக் வாங்கியவர்கள் முன் ஃபோர்க் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், முந்தைய சொந்தக்காரர் மாற்றியிருப்பார் என்று நம்ப வேண்டாம்.

விண்ட்ஷீல்ட் பூட்டுவதென்றால் உயரமானதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். அதன் மேல் விளிம்பு உங்கள் மூக்குக்குக் கீழே நிற்க வேண்டும், றோட்டை அதற்கு மேலால் பார்க்க வேண்டும். ஹெல்மெட் ஆடினால், ஓடும்போது சற்று எழும்பி நின்று பாருங்கள். ஆட்டம் நின்றால் கலங்கிய காற்று விளிம்பில் இருந்துதான் வருகிறது, பெரும்பாலும் கொஞ்சம் வெட்டினால் சரியாகும்.

இப்போது பெட்டி. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் போல்ட்டால் பூட்டுவதாக இருக்கட்டும், சேசியை வெட்டி வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள். பாரமான சாமான் கீழே, நடுவுக்குக் கிட்ட. மேல் பெட்டியில் மழைக்கோட்டும் உடுப்பும் மட்டும், ஏனென்றால் அது பின் அக்சிலுக்கும் பின்னால் நிற்கிறது, பாரம் ஏற ஏற முன் சில்லு லேசாகி ஹாண்டில் ஆடத் தொடங்கும். ஆனையிறவில் பக்கக் காற்று அடிக்கும்போது அது நன்றாக விளங்கும். பக்கப் பெட்டி கண்ணாடிகளை விட அகலமாக இருந்தால் காலி வீதி நெரிசலில் நீங்கள் நுழைகிற இடைவெளியில் பெட்டி நுழையாது.

மின்சாரத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். பழைய 250, 400களில் சார்ஜிங் அவ்வளவு தாராளமில்லை. எஞ்சினை 5000 சுற்றில் வைத்து, ஹெட்லைட் எரிய, பற்றரியில் வோல்ட் பாருங்கள்: 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். லைட்டோ ஃபோன் சார்ஜரோ, எதை இழுத்தாலும் பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போடுங்கள். ஃபோனை ஹாண்டிலில் நேராகப் பூட்டினால் கமரா கெடலாம் என்று 2021இல் அப்பிள் நிறுவனமே எச்சரித்தது, அதிர்வு வாங்கும் ரப்பர் உள்ள பிடியாகப் பாருங்கள்.

செயின் ஓடும் முன் பல்சில்லில் (ஸ்புரொக்கெட்) ஒரு பல் கூட்டுவதும் பலர் செய்வதுதான். 15இல் இருந்து 16 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஆறு வீதம் போலக் குறையும், அதிர்வும் குறையும். ஆனால் பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறினால் கியரை இறக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது. பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் பழையதென்றால் மாற்றுங்கள். சாமான் ஏற்றியபின் காற்றையும் செயின் தளர்வையும் மறுபடி பாருங்கள், பாரம் ஏறினால் செயின் இறுகும்.

புதிதாகப் பூட்டிய எதுவும் முதல் பயணத்தில் தளரும். ஒவ்வொரு நட்டிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் அசைந்ததா என்று பார்த்தவுடனே தெரியும். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற நேரத்தில் பெட்டிச் சட்டத்தையும் ரைசரையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள், ஸ்பேனரை மட்டும் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.