கிளீனப் பேட்ச்தானே என்று விட வேண்டாம்: இன்டரப்ட் பக்கம் எதைப் பார்ப்பது

"நடத்தையில் மாற்றமில்லை, வெறும் கிளீனப்" என்ற குறிப்போடு வரும் பேட்சுக்கு (கோடில் செய்யும் திருத்தம்), வெள்ளி மாலை பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு முன் கிளம்பிவிடும் அவசரத்தில் ஓகே போடத் தோன்றும். லினக்ஸ் டிரைவரில் இன்டரப்ட்டை (டிவைஸ் ப்ராசசரின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சிக்னல்) தொடும் பேட்ச் என்றால் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிய இடத்தைச் சுற்றி மூன்று வரி மட்டும் காட்டும் டிஃப் இதற்குப் போதாது. டிவைஸைத் தொடங்கும் ப்ரோப், அதை விடுவிக்கும் ரிமூவ் என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் முழுசாகத் திறந்து வைத்துப் படியுங்கள்.

அதிகம் கண்ணில் படுவது டெவ்எம் (வாங்கியதைக் கர்னலே தானாக விடுவிக்கும் முறை) மாற்றம். இன்டரப்ட்டை வாங்கும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ ஆக்கி, ரிமூவில் அதை விடும் ஃப்ரீ_ஐஆர்க்யூவைத் தூக்கியிருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் டெவ்எம்மில் வாங்கியதெல்லாம் ரிமூவ் முடிந்த பிறகே, வாங்கியதற்கு எதிர்வரிசையில் விடுபடும். ரிமூவுக்குள் மெமரியை விடும் ஒரு கேஃப்ரீயோ கிளாக்கை நிறுத்தும் வரியோ மிச்சமிருந்தால், அந்த இடைவெளியில் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) ஓடி, விட்ட மெமரியைத் தொடும். கிளாக் இல்லாத ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) படித்தால் சில சிப்களில் சிஸ்டமே உறைந்துவிடும். "சிப்பில் மாஸ்க் செய்துவிட்டோமே", அதாவது இன்டரப்ட் வராமல் தடுத்துவிட்டோமே, என்று பதில் வரும். பல டிவைஸ்கள் பகிரும் ஷேர்டு லைனில் அது செல்லாது: பக்கத்து டிவைஸ் அடித்தாலும் நம் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும். எல்லாவற்றையும் டெவ்எம்முக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையேல் பழைய ஃப்ரீ_ஐஆர்க்யூ அங்கேயே இருக்கட்டும். சோதிக்க, கர்னல் கான்ஃபிகில் டீபக்_ஷிர்க், தப்பான மெமரி அணுகலைப் பிடிக்கும் கசான் இரண்டையும் போட்டு மாட்யூலை ஏற்றி இறக்குங்கள். ஷேர்டு லைனை விடும்போது டீபக்_ஷிர்க் வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒருமுறை கூப்பிடும். தப்பு இருந்தால் அங்கேயே மாட்டும்.

அடுத்தது, எந்த இன்டரப்ட் வந்திருக்கிறது என்று பிட்களில் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். 1 எழுதினால் அழியும் வகை என்றால், பிட் 3-ஐ அழிக்க அந்த ஒரு பிட்டை மட்டும் எழுத வேண்டும். கிளீனப்பில் அது "படி, ஆர் செய், எழுது" என்று மாறினால், அந்த நேரம் நின்றிருக்கும் பிட் 5-உம் சேர்ந்து அழியும். அந்த இன்டரப்ட் போனது போனதுதான். லோடு ஏறாதவரை வெளியே தெரியாது. மதிப்பு மாறினால் மட்டும் எழுதும் ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் ஃபங்ஷனைப் போட்டால் கூத்து வேறு: பிட் 3 ஏற்கெனவே 1 என்பதால் மதிப்பு மாறவில்லை என்று எழுதாமலே விட்டுவிடும். காரணம் அழியும்வரை நிற்கும் லெவல் இன்டரப்ட் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். டேட்டாஷீட்டைத் திறக்காமல் இந்த வரிக்கு ஓகே கிடையாது.

லாக்கில், ஹார்ட் ஹேண்ட்லருக்குள் (இன்டரப்ட் வந்ததும் நேராக ஓடுவது) இருக்கும் இர்க்சேவை, அதாவது இன்டரப்ட்டையும் அணைத்து லாக் எடுக்கும் வகையை, வெறும் ஸ்பின்_லாக் ஆக்குவது பெரும்பாலும் சரி. 2010-இல் வந்த 2.6.35 முதல் ஹேண்ட்லர்கள் இன்டரப்ட் அணைந்த நிலையில்தான் ஓடுகின்றன. ஆனால் அதே லாக்கை ப்ராசஸ் பக்கம் (ஹேண்ட்லருக்கு வெளியே ஓடும் சாதாரண கோடு) எடுக்கும் இடத்திலும் இர்க்சேவைக் கழற்றியிருந்தால் டெட்லாக்: ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும். பிளாக் முடிந்ததும் லாக்கைத் தானாக விடும் புதிய கார்டு மேக்ரோவையும் கவனியுங்கள். அன்லாக் வரி போய்விடுவதால் லாக் பிளாக்கின் கடைசிவரை நீளும். நடுவில் இன்டரப்ட்டை அணைக்கும் டிசேபிள்_ஐஆர்க்யூ இருந்தால் அது ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும், ஹேண்ட்லர் லாக்குக்குக் காத்திருக்கும்.

இன்டரப்ட் எண்ணைத் தரும் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூவுக்குப் பின் வரும் எரர் மெசேஜை நீக்குவது நல்லதே, கர்னல் 5.4 முதல் அதுவே அச்சிடுகிறது. எண்ணை வாங்கும் வேரியபிள் அன்சைன்டு (குறை எண் ஏற்காத வகை) என்றால் மட்டும் பூஜ்யத்துக்குக் குறைவா என்ற சோதனை ஒருநாளும் பலிக்காது. "என் டிவைஸுடையது இல்லை" என்று சொல்லும் ஐஆர்க்யூ_நன் திருப்பும் கிளையை நீக்கி, எப்போதும் ஹேண்டில்டு என்று சொல்ல வைத்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காதபோது லைனை அணைக்கும் கர்னலின் காவல் அதோடு செயலிழக்கும்.

கடைசியாக, ஒரே வேலையைப் பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓட்டி ப்ராக் இன்டரப்ட்ஸ் (ஒவ்வொரு இன்டரப்ட்டும் எத்தனை முறை வந்தது என்று கர்னல் காட்டும் ஃபைல்) எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கணிசமாக மாறியிருந்தால், "நடத்தையில் மாற்றமில்லை" என்ற வரியை எழுதியவரே விளக்கட்டும்.