வெள்ளத்துக்கு வாங்கிய மோட்டார் தீக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் நிற்கும் தண்ணீரை இறைப்பதற்கென்று வாங்கிய மூன்று இஞ்ச் பெட்ரோல் மோட்டார் மதுரையைச் சுற்றி எத்தனையோ ஊராட்சிகளிலும் குடோன்களிலும் கிடக்கிறது. பங்குனி, சித்திரையில் வைக்கோல் படப்பு பற்றினால் ஊருக்கு முதலில் ஞாபகம் வருவதும் அதுதான். ‘நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டர் தள்ளுமே’ என்பார்கள். தள்ளும்; ஆனால் வீசாது. சேர்ந்து நிற்கும் தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் புரியாமல் ஓஸைத் தூக்கிக்கொண்டு தீக்கு முன்னால் போய் நிற்பதில்தான் ஆபத்து. மோட்டாரை இழுக்கும் முன்பே 101 அல்லது 112-க்குச் சொல்லிவிடுங்கள். கீழே உள்ளதெல்லாம் வண்டி வந்து சேரும்வரையும், வந்த பிறகும் செய்ய வேண்டியவை.

தகட்டில் இருக்கும் இரண்டு எண்கள்

மோட்டாரில் ஒட்டிய தகட்டில் 1000 லிட்டர் என்றும் 28 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) என்றும் போட்டிருந்தால், அவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஆயிரம் லிட்டர் வருவது எந்த எதிர்ப்பும் இல்லாதபோது. 28 மீட்டர் ஏறுவது ஒரு சொட்டும் வெளியே போகாதபோது. வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவில்.

பத்து மீட்டர் ஹெட் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆக, இந்த மோட்டாரின் உச்சமே 2.8 கிலோதான். தீயணைப்பு வண்டியின் பம்ப் சாதாரணமாக 7 கிலோவில் ஓடும். நம் 28 மீட்டரில் கண்மாயிலிருந்து உறிஞ்சும் 4 மீட்டரும், கரையிலிருந்து தீ எரியும் மேடு வரை 3 மீட்டரும் கழியும். மிச்சம் 21. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பம்பே இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். 60 மீட்டர் ஓஸின் உராய்வு இன்னும் கொஞ்சம் தின்னும். நாசிலுக்குப் போய்ச் சேர்வது ஒன்றரைக் கிலோ அளவுதான். 15 மில்லிமீட்டர் நாசிலில் அது நிமிஷத்துக்கு 180 லிட்டருக்குச் சற்று மேல் தரும். பாய்வது பத்துப் பன்னிரண்டு மீட்டர். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் இல்லை. மூன்றாவது மாடி சன்னலுக்கு அடிக்க நினைத்தால் ஏறும் உயரத்துக்கே ஒரு கிலோ போய்விடும்.

நாசில் இல்லாமல் மூன்று இஞ்ச் ஓஸின் வாயைத் திறந்தே பிடித்தால் நிமிஷத்துக்கு வரும் 600 லிட்டரும் காலடியில்தான் விழும். பார்க்க வெள்ளமாக இருக்கும், தீக்குப் போகாது. பனிமாதிரித் தூவும் நாசிலைக் கடையில் வாங்கி மாட்டுவதும் வீண்: அது 7 கிலோவுக்கு அளவெடுத்தது. ஒன்றரைக் கிலோவில் தூவாமல் கொழகொழவென்று வழியும். கண்மாய்த் தண்ணீரில் வரும் சருகு அதன் துளைகளை அடைத்தும் விடும். இந்த மோட்டாருக்கு 15 முதல் 18 மில்லிமீட்டர் வரையிலான நேர்நாசில்தான் ஒத்துவரும்.

உறிஞ்சும் பக்கம்

பாதிப் பிரச்சினை தண்ணீர் வெளியே போகும் பக்கத்தில் இல்லை, உள்ளே வரும் பக்கத்தில் இருக்கிறது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. காற்றழுத்தம் கீழிருந்து தள்ளுகிறது. கணக்குக்குப் பத்து மீட்டர் என்றாலும் நடப்பில் 7 மீட்டர்தான் எல்லை. சித்திரை வெயிலில் சூடான தண்ணீருக்கும், பழைய வாஷருக்கும் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் நம் பக்கத்துக் கிணறுகளில் பெரும்பாலும் தண்ணீர் அதற்குக் கீழேதான் கிடக்கும்.

தண்ணீர் எட்டவில்லை என்று பெட்ரோல் மோட்டாரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கிணற்றுக்குள் அது தேங்கினால், இறங்கினவரையும் தூக்கப் போனவரையும் சேர்த்தே சாய்க்கும்.

கரையில் வைக்கும் முறை: மோட்டாரைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில், சமமான கெட்டித் தரையில் வையுங்கள். உறிஞ்சும் ஓஸ் சுருள்கம்பி உள்ள கெட்டி ஓஸாக இருக்க வேண்டும். மடங்கும் ஓஸ் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். வழியில் எங்கும் மேடு விழாமல் ஓஸ் தண்ணீரிலிருந்து பம்ப் வரை ஏறிக்கொண்டே வரட்டும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்று தங்கும். வடிகட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி கீழேயும் சேற்றுக்கு அரையடி மேலேயும் நிற்கிற மாதிரி கம்பில் கட்டுங்கள். அதைவிட மேலே இருந்தால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். ஆகாயத்தாமரை மிதக்கும் கண்மாய் என்றால் வடிகட்டியை ஒரு பழைய கூடைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பம்பின் வயிற்றில் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்புங்கள். ‘தானே உறிஞ்சும் பம்ப்’ என்று பெயர் இருந்தாலும் காய்ந்த வயிற்றோடு ஓட்டினால் மெக்கானிக்கல் சீல் சில நிமிஷத்தில் கருகிவிடும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பயனில்லை, எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் உறிஞ்சும் பக்க கப்ளிங் வாஷரில்தான்.

எங்கே நிற்கக் கூடாது

மோட்டார் போதவில்லை என்பதால் மனிதன் முன்னே போகிறான். விபத்து அங்கேதான் நடக்கிறது. பற்றி எரியும் சுவரிலிருந்து குறைந்தது அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். ஒன்பது மீட்டர் சுவர் என்றால் பதிமூன்று, பதினாலு மீட்டர். நம் ஓஸ் பாய்வதோ பன்னிரண்டு. அதாவது நல்ல நாளிலும் தண்ணீர் தீக்கு எட்டுமிடம் சுவர் விழும் இடத்துக்குள்தான் இருக்கிறது. மாசி வீதிகளுக்குள் உள்ள பழைய செங்கல் கட்டடங்கள் இதில் மோசம். 2020 தீபாவளியின்போது விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்களே இறந்தார்கள். துணி மூட்டைகள் தண்ணீரைக் குடித்துக் கனத்து, தளத்தையும் இறக்கிவிடும். அதனால் மாடியில் சரக்கு உள்ள கடைக்குள் இந்த ஓஸை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஈபி லைன் அணைந்தது உறுதியாகும்வரை கட்டடத்தின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். கரண்டில் ஓடும் நீர்மூழ்கி வகை வெள்ள மோட்டார் என்றால் இங்கேயே கதை முடிந்தது. தீப் பிடித்ததும் முதலில் நிறுத்துவது கரண்டைத்தான். ஜெனரேட்டர் தனியாக வேண்டும். எண்ணெய்த் தீக்கு எந்த மோட்டாரும் வேண்டாம்.

அப்படியானால் எதற்குத்தான்?

மூன்று வேலைக்கு. முதலாவது, வண்டிக்குத் தண்ணீர் ஊட்டுவது. 4500 லிட்டர் டேங்க் உள்ள வண்டி, 450 லிட்டர் வீதம் இரண்டு ஓஸ் ஓட்டினால் ஐந்தே நிமிஷத்தில் காலி. அப்புறம் தண்ணீருக்காக அது ஊர் சுற்ற வேண்டும், இடைவெளியில் தீ மறுபடி ஏறும். மூன்று இஞ்ச் மோட்டார் கண்மாய்க் கரையில் நின்று 600 லிட்டர் தந்தால் டேங்க் ஏழரை நிமிஷத்தில் நிரம்பும். இங்கே பிரஷர் தேவையில்லை. டேங்க் மூடியைத் திறந்து மேலிருந்து விட்டால் போதும். நூறு மீட்டர் மூன்று இஞ்ச் ஓஸில் 600 லிட்டர் போக உராய்வு ஐந்தாறு மீட்டர் அளவுதான். அதே அளவை இரண்டு இஞ்ச் ஓஸில் தள்ளப் பார்த்தால் உராய்வு ஏழெட்டு மடங்கு ஏறும், மோட்டாரால் முடியாது. கையில் இருக்கிறதென்று இரண்டு இஞ்ச் ஓஸை நடுவில் ஒட்டுப்போடும் பழக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

இரண்டாவது, எரியாத பக்கத்து வீட்டையும் படப்பையும் நனைத்து வைப்பது. கூரை வீடுகள் உள்ள தெருவில் இதுதான் மெய்யான வெற்றி. எரிகிறதை விட்டுவிட்டு, காற்று வீசும் திசையில் உள்ள அடுத்த கூரையில் தொடங்குங்கள்.

மூன்றாவது, அணைந்த பிறகு புகைவதைக் குளிர்விப்பது. வைக்கோல் படப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெளியே வழிந்துவிடும். நடுவயிறு நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஜேசிபியாலோ கவைக்கம்பாலோ பிரித்துப் பரப்பி, அடுக்கு அடுக்காக நனைக்க வேண்டும். குறைந்த பிரஷர், நீண்ட நேரம்: வெள்ள மோட்டாருக்கென்றே உள்ள வேலை இது. சாக்கு, நார், பஞ்சுக் குவியலுக்கும் இதே முறை.

செய்யக் கூடாத சின்ன விஷயங்கள்: நாசிலைச் சட்டென மூடினால் தண்ணீர் அடித்து ஓஸோ கப்ளிங்கோ தெறிக்கும். மூடி வைத்தே ஓட்டினால் பம்புக்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். இரண்டு மோட்டாரைத் தொடராக மாட்டிப் பிரஷர் ஏற்றும் யோசனை எப்போதும் ஒருவருக்கு வரும். வயலுக்கு விரிக்கும் பிளாஸ்டிக் ஓஸ் இரண்டாவது பம்பிலேயே வெடிக்கும். தணலில் பட்டாலும் அது உருகும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். டேங்க் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால், அணைத்து ஆறவிட்டு ஊற்றும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

மாசியில் ஒரு நாள்

மார்கழியில் ஷெட்டுக்குள் போன மோட்டார் அடுத்த மழைவரை வெளியே வராது. தீயோ கோடையில் வருகிறது. கார்புரேட்டரில் காய்ந்த பெட்ரோல் பிசின், ஒட்டிப்போன ரப்பர் வால்வு, எலி கடித்த ஓஸ் எல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். வைக்கும் முன் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து விடுங்கள். மாதம் ஒரு தடவை தண்ணீரோடு பத்து நிமிஷம் ஓட்டுங்கள்.

மாசியில் கண்மாய்க்கே கொண்டுபோய், விரிக்க வேண்டிய முழு நீள ஓஸையும் மாட்டி, 200 லிட்டர் டிரம்மை நிரப்பிப் பாருங்கள். 20 வினாடியில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 600 லிட்டர். 40 வினாடி ஆனால் 300. ஓஸ் சிறியது, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று. தண்ணீர் வெளியே போகும் பக்கத்தில் 7 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, நாசில் திறந்திருக்கும்போது காட்டும் எண்ணை மோட்டார் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக கப்ளிங். நம் மோட்டாரில் மரை உள்ள மூன்று இஞ்ச் வாய். தீயணைப்பு நிலைய ஓஸில் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் 63 மில்லிமீட்டர் வாய். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நிலையத்தில் கேட்டு அளவு வாங்கி, லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் செய்து, மோட்டார் கைப்பிடியிலேயே கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.