தலைக்காயத்துக்குப் பின் வீடு திரும்பியவரின் அன்றாடத்தை அமைப்பது எப்படி

தலையில் அடிபட்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார் என்பதால், பார்க்க வருபவர்கள் "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிரமம் அதற்குப் பிறகே தெரியவரும். விபத்துக்குப் பின் என் அண்ணன் பிரஷில் பற்பசையை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடி முன் கால் மணி நேரம் நின்ற அன்றுதான் எனக்கு அது விளங்கியது.

ஒரு செயலைத் தொடங்குவதும் அதன் படிகளை வரிசைப்படுத்துவதும் கோபத்தை அடக்குவதும் பெரும்பாலும் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை. அங்கே சேதம் ஏற்பட்டால், குளிக்க வேண்டும் என்று தெரிந்தும் எழுந்து போக முடியாது. தயவுசெய்து இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். துண்டைக் கையில் கொடுத்து, "முதலில் சட்டையைக் கழற்றலாம்" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். அந்தப் படிகளையே பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டால், நாளடைவில் உங்கள் குரல் குறைந்து கதவே நினைவூட்டத் தொடங்கும்.

நினைவு மங்கியவரிடம் "யோசித்துப் பாருங்கள், ஞாபகம் இல்லையா?" என்று சோதிப்பது பயன் தராது, ஊகித்துச் சொன்ன தவறான விடையே மனத்தில் பதிந்துவிடக்கூடும். சரியானதை முதலிலேயே சொல்லி, அதையே தினமும் ஒரே மாதிரி செய்ய வையுங்கள். சாவிக்கும் கைபேசிக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நிலையான இடம் வேண்டும்.

களைப்பைப் பலரும் கவனிப்பதில்லை. தொலைக்காட்சியும் குக்கர் விசிலும் நாலு பேர் பேச்சும் சேர்ந்த கூடத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பதே காயம்பட்ட மூளைக்குப் பெரும் உழைப்பு. கவனம் தேவைப்படும் வேலைகளைக் காலையில் முடித்து, மதியம் ஓய்வு கொடுங்கள். அவர் திடீரெனச் சீறினால் வாதாடாமல் சத்தத்தைக் குறையுங்கள்.

சிலருக்கு மோப்பமும் போய்விடும். கண்ணை மூடச்சொல்லி, காபித்தூள் டப்பாவை மூக்கருகே நீட்டிப் பாருங்கள். வாசனை தெரியாவிட்டால் அடுப்பையும் சிலிண்டரையும் வேறொருவர் கவனிக்க வேண்டும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாரங்கள் கழித்தும் தலைவலி கூடினால், வாந்தியோ அளவுமீறிய உறக்கமோ வந்தால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் சாதிப்பது பொய்யன்று. குறையை உணரும் திறனும் காயத்தில் பழுதாகியிருக்கலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.