பேக்டோர் ட்ரோஜன் உள்ள வந்துடுச்சா? முதல்ல நெட்டை கட் பண்ணுங்க

ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலை பிடிச்சு டெலீட் பண்ணிடுச்சு, ஆனா ரீஸ்டார்ட் பண்ணதும் அதே ஃபைல் அதே இடத்துல திரும்ப இருக்கு. அப்படின்னா அதை எழுப்பி விடுற இன்னொன்னு உள்ள ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். பேக்டோர் ட்ரோஜன்ல (நல்ல சாஃப்ட்வேர் மாதிரி வேஷம் போட்டு வந்து, ஹேக்கருக்கு பின்வாசல் திறந்து விடுற வைரஸ்) இதுதான் பெரிய தலைவலி, பெரும்பாலும் சிஸ்டம் ஸ்லோ கூட ஆகாது, எதையும் கெடுக்காது, சத்தமே இல்லாம ஒருத்தனுக்கு வழி விட்டுட்டு இருக்கும்.

1998ல வந்த பேக் ஓரிஃபிஸ், நெட்பஸ் எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு போர்ட்டை, அதாவது நெட் வழியா உள்ள வர்ற ஒரு வாசலை, திறந்து வெச்சுட்டு வெளியிலிருந்து ஆள் வர்றதுக்கு காத்திருக்கும். ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் வந்தப்புறம் அந்த வழி கஷ்டமாயிடுச்சு. அதனால என்ஜேராட், அசிங்க்ராட், ரெம்கோஸ் மாதிரி இப்ப ஓடுறதெல்லாம் தலைகீழா, நம்ம கம்ப்யூட்டர்லேர்ந்தே ஹேக்கரோட சர்வருக்கு கால் பண்ணும், ஃபயர்வாலுக்கு அது பிரவுசர் நெட்டுக்கு போற மாதிரிதான் தெரியும், அதனால விட்டுடும். அப்புறம் ஸ்கிரீன், கேமரா, நீங்க டைப் பண்றது, பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாமே அவன் கையில.

உள்ள வர்ற வழில முக்கியமான ஒண்ணு கிராக் சாஃப்ட்வேர், அதாவது காசு கொடுக்காம ஓட வைக்கற கள்ள காப்பி. "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க"னு எழுதியிருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. இன்னொன்னு மெயில்ல வர்ற பில், பேர் பிடிஎஃப்னு முடியும், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற இஎக்ஸ்இ (இது புரோகிராம்னு காட்டுற எழுத்து) விண்டோஸ்ல டீஃபால்ட்டா மறைஞ்சிருக்கும். 2024லேர்ந்து ஒரு புது வழி ரொம்ப பரவிட்டு இருக்கு, "நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிங்க"னு ஒரு பொய் கேப்ச்சா வரும், விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்துங்க, கன்ட்ரோல் வி அழுத்துங்க, என்டர் தட்டுங்கன்னு சொல்லும். நீங்க கிளிக் பண்ணப்பவே ஒரு பவர்ஷெல் கமாண்டை (விண்டோஸுக்கு எழுத்துல கொடுக்கற கட்டளை) அது காப்பி பண்ணி வெச்சிருக்கும், என்டர் தட்டினா நீங்களே அதை ரன் பண்ணிட்டீங்க. எந்த உண்மையான கேப்ச்சாவும் இப்படி கேக்கவே கேக்காது, வீட்ல பெரியவங்க இருந்தா இதை மட்டுமாவது சொல்லி வைங்க. சில சமயம் நம்ம தப்பே இருக்காது, 2017ல குப்பை ஃபைலை சுத்தம் பண்ற சிசிகிளீனரோட 5.33 வெர்ஷன் கம்பெனி சைட்லேர்ந்தே பேக்டோரோட வந்துச்சு.

சரி, எடுக்கறது எப்படி. வைஃபையை ஆஃப் பண்ணுங்க, கேபிள் இருந்தா பிடுங்குங்க. அவன் சர்வரோட பேச்சு நின்னாதான் நீங்க நிதானமா வேலை பார்க்க முடியும். அடுத்து வேற ஒரு போன் இல்ல கம்ப்யூட்டர்லேர்ந்து பாஸ்வேர்டு மாத்துங்க, மெயில் முதல்ல, அப்புறம் பேங்க், "எல்லா டிவைஸ்லேர்ந்தும் சைன் அவுட்" கொடுக்காம விடாதீங்க, ஏன்னா குக்கியை (நீங்க லாகின் ஆனதை பிரவுசர் ஞாபகம் வெச்சுக்கற சின்ன ஃபைல்) திருடியிருந்தா பாஸ்வேர்டு இல்லாமலே அவன் உள்ள இருப்பான். வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸையும் பாருங்க. பணம் போயிருந்தா இந்தியாவுல சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே அடிங்க, லேட் பண்ணா பணத்தை நிறுத்தி வைக்கறது கஷ்டம்.

இப்ப விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்ல எக்ஸ்க்ளூஷன்ஸ் லிஸ்ட்டை (ஸ்கேன் பண்ண வேணாம்னு ஒதுக்கி வெச்சது) பாருங்க. நீங்க போடாத ஃபோல்டர் அங்க இருந்தா ட்ரோஜன் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், எடுத்துடுங்க. அப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்க, ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் முழுசா லோட் ஆகறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணும், கிட்டத்தட்ட 15 நிமிஷம் ஆகும்.

முக்கியமான இடம் இனிமேதான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானா ஓடுறதை எல்லாம் காட்டுற மைக்ரோசாஃப்ட்டோட ஆட்டோரன்ஸ் டூலை வேற கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி காலி பென்டிரைவ்ல கொண்டு வாங்க (அந்த பென்டிரைவை ஃபார்மட் பண்ணாம திரும்ப எங்கயும் சொருகாதீங்க, என்ஜேராட் பென்டிரைவ்லயும் ஒட்டிக்கும்). அட்மினா ஓபன் பண்ணி, ஆப்ஷன்ஸ்ல மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைச்சு, சிக்னேச்சர் செக்கையும் (ஃபைலை யார் தயாரிச்சாங்கன்னு உறுதி பண்ற டிஜிட்டல் கையெழுத்தை பார்க்கறது) ஆன் பண்ணுங்க. பிங்க் கலர்ல வர்ற வரிதான் கையெழுத்து இல்லாதது. எல்லா பிங்க்கும் வைரஸ் கிடையாது, பயப்படாம பாத்-ஐ, அதாவது ஃபைல் இருக்கற இடத்தை, படிங்க. உதாரணத்துக்கு எஸ்விசிஹோஸ்ட்னு விண்டோஸோட சொந்த ஃபைல் பேர் இருக்கும், ஒரிஜினல் விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்டம்32க்குள்ளதான் இருக்கணும், இதுவோ ஆப்டேட்டாவுல ரோமிங்க்குள்ள உக்காந்திருக்கும், பப்ளிஷர் காலியா இருக்கும். டாஸ்க் ஷெட்யூலர் டேப்ல பவர்ஷெல்லும் அதுக்குப் பின்னாடி நீளமா புரியாத எழுத்தும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். உடனே டெலீட் பண்ணாம டிக்கை மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, டிக் திரும்ப வரலன்னா என்ட்ரியையும் ஃபைலையும் சேர்த்து அழிங்க. திரும்ப வந்துச்சுன்னா இன்னொரு காப்பி எங்கயோ ஓடிட்டு இருக்கு.

அப்படி வந்தாலோ, அந்த கம்ப்யூட்டர்ல நெட்பேங்கிங் பண்றீங்கன்னாலோ, யோசிக்காம ஃபார்மட் பண்ணுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா உள்ள வந்தவன் வேற என்னென்ன போட்டு வெச்சிருக்கான்னு எந்த ஸ்கேனரும் உறுதியா சொல்லாது. போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்துக்கோங்க, இன்ஸ்டாலர், கிராக், ஜிப் எதுவும் வேணாம். சுத்தமான கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட்டோட மீடியா கிரியேஷன் டூல் வெச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் ஏத்தி, இன்ஸ்டால் பண்ணும்போது அந்த டிஸ்க்ல இருக்கற பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் டெலீட் பண்ணுங்க. டி டிரைவும் அதே டிஸ்க்ல இருந்தா அதுவும் போயிடும், முன்னாடியே காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. புது விண்டோஸ் வந்ததும் முதல் வேலையா ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் பண்ணிட்டு, அப்புறம் அந்த பழைய ஃபைல்களை ஸ்கேன் பண்ணி உள்ள போடுங்க.